வரைபடத்தில் ஒரு பக்கம் மட்டும் ஏன் நிறைந்திருக்கிறது?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. கடந்த ஒரு மாதத்தில் போன இடங்களை எல்லாம் நகர வரைபடத்தில் புள்ளியிட்டு வரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். வீடு, பள்ளி, நீச்சல் வகுப்பு, தோழிகளின் வீடுகள், கடைகள், என் அலுவலகம் என்று முப்பதுக்கும் மேற்பட்ட புள்ளிகள். எல்லாமே ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். “அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நானும் என் கணவரும் யாரிடமும் வேற்றுமை பார்ப்பவர்கள் அல்லர். என் அலுவலகத்தில் எல்லாப் பின்னணியிலிருந்தும் ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு வருபவரைக் குடும்பத்தில் ஒருவராகவே நடத்துகிறோம். பிறகு எப்படி எங்கள் வாழ்க்கை இப்படி ஒரு பக்கமாக ஒதுங்கியது? பள்ளியை மாற்ற வேண்டுமா? வீட்டையே மாற்றிவிடலாமா?
— ஒரு தாய்

பதில் தருபவர்: நகர்ப்புறச் சமூகவியல் பேராசிரியர்

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டை மாற்ற வேண்டாம். பள்ளியையும் இந்த ஆண்டு தொட வேண்டாம். இரண்டும் பெரிய முடிவுகள். பதற்றத்தில் எடுத்தால், பழைய புள்ளிகளைப் புதிய முகவரியைச் சுற்றி மறுபடி இட்டுக்கொள்வதில்தான் பெரும்பாலும் முடியும்.

மகளின் ஆசிரியர் கொடுத்தது அருமையான பயிற்சி. என் முதலாண்டு மாணவர்களுக்கு நானும் இதையே கொடுப்பேன். இரண்டு விவரங்களை மட்டும் கூடுதலாகக் கேட்பேன்: அங்கே எத்தனை மணிக்கு இருந்தீர்கள், யாரோடு பேசினீர்கள்? அந்த இரண்டும் சேர்ந்ததும் வகுப்பில் சிரிப்பு அடங்கிவிடும். புள்ளிகள் நகரம் முழுக்கப் பரவியிருக்கிற மாணவர்கூட, பேசியவர்களின் பட்டியலை எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்.

உங்கள் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எந்தப் புள்ளியிலும் குற்றம் இருக்காது. அலுவலகத்துக்கு அருகில் வீடு பார்த்தீர்கள். வீட்டுக்கு அருகில் பள்ளி. பள்ளித் தோழி சேர்ந்த நீச்சல் வகுப்பிலேயே மகளும் சேர்ந்தாள். அங்கே காத்திருக்கும் பெற்றோர் உங்களுக்குப் பழக்கமானார்கள். அவர்களில் ஒருவர் சொன்ன கடைக்குப் போகத் தொடங்கினீர்கள். ஒவ்வொன்றும் நியாயமான முடிவு. ஆனால் முந்தைய முடிவு கிழித்த கோட்டின் மேலேயே அடுத்த முடிவும் கோடு கிழித்தது. பென்சில் கோட்டின் மேல் பத்து முறை பென்சில் ஓட்டினால் காகிதமே கிழிந்துவிடுகிறது அல்லவா, அதுதான் நடந்திருக்கிறது.

எங்கள் துறைக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது. மக்கள் பிரிந்து வாழ்வதை அளக்க 1955-இல் சமூகவியலாளர்கள் ஓடிஸ் டட்லி டன்கனும் பெவர்லி டன்கனும் பரவலாக்கிய குறியீட்டைத்தான் பல பத்தாண்டுகள் கையில் வைத்திருந்தோம். ஒரு குழுவில் நூற்றுக்கு எத்தனை பேர் வீடு மாறினால் இரண்டு குழுக்களும் எல்லாப் பகுதிகளிலும் ஒரே விகிதத்தில் பரவியிருக்கும் என்று அது சொல்லும். எளிமையான, பயனுள்ள கருவி. ஆனால் மனிதர்களை அவர்கள் தூங்கும் இடத்தில் மட்டுமே அது பார்க்கிறது. வீடு, பள்ளி, வேலை, ஓய்வு நேரம், குடும்பம் என்று தளம் தளமாகப் பார்க்க வேண்டும், அவற்றுக்கிடையே உள்ள இணைப்பையும் பார்க்க வேண்டும் என்று மார்ட்டென் வான் ஹாமும் டீட் தம்மருவும் 2016-இல் வலியுறுத்தி எழுதினார்கள். வீடு பள்ளியை முடிவுசெய்கிறது, பள்ளி நட்பை, நட்பு வேலையை, வேலை வருமானத்தை, வருமானம் மறுபடி வீட்டை. இந்தச் சுழற்சியில் எங்கே தொடக்கம் என்று கேட்டால் விடை கிடையாது.

இதன் மறுபக்கம் உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். வீட்டுச் சுற்றுவட்டம் ஒரே மாதிரியானவர்களால் நிறைந்திருந்தும் பள்ளி கலந்ததாக இருந்தால், பள்ளி அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். பள்ளியும் ஒரே மாதிரி, விளையாட்டு மட்டும் வேறு என்றால் அதுவும் ஒரு சன்னல்தான். ஒரு மனிதர் எத்தனை வட்டங்களில் இருக்கிறார் என்பதைவிட, அந்த வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றனவா, அல்லது ஒன்றின் மேல் ஒன்று அப்படியே படிகின்றனவா என்பதே முக்கியம். நூறாண்டுக்கு முன்பே ஜெர்மன் சமூகவியலாளர் கேயார்க் சிம்மல் வட்டங்களின் குறுக்கீட்டைப் பற்றி எழுதிவைத்துவிட்டார். உங்கள் வீட்டின் நிலை என்னவென்றால், வட்டங்கள் பல. எல்லாம் ஒரே மையத்தில்.

“நாங்கள் வேற்றுமை பார்ப்பதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் அது உங்களைக் காப்பாற்றவில்லை, காப்பாற்றவும் செய்யாது. தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளியலாளர் 1971-இல் ஒரு மாதிரியை வெளியிட்டார். சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இரண்டு வகை நாணயங்களைக் கலந்து வைத்து, நீங்களே மேசையில் செய்து பார்க்கலாம். சுற்றியுள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு தன்னைப் போல இருந்தால் போதும் என்பது ஒவ்வொரு நாணயத்தின் எதிர்பார்ப்பு. அது நிறைவேறாதது மட்டும் இடம் மாறும். எவ்வளவு மிதமான ஆசை! ஆனால் சில சுற்றுகள் நகர்த்தியதும் பலகை திட்டுத் திட்டாகப் பிரிந்து நிற்கும். “இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே” என்ற பழமொழியை நாம் ஏதோ இயற்கை விதி போலச் சொல்லிவிட்டுப் போகிறோம். யாரும் யாரையும் வெறுக்காமலேயே மந்தைகள் பிரிந்துவிடும் என்பதுதான் அதைவிடக் கவலை தரும் செய்தி.

வெறுப்பால் திட்டமிட்டுப் பிரித்த இடங்களும் உண்டு, அவற்றையும் பாருங்கள். நிறவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்கா ஒரே ஒரு சட்டத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1949-இல் கலப்புத் திருமணத் தடைச் சட்டம். 1950-இல் யார் எங்கே குடியிருக்கலாம் என்று வரையறுக்கும் குழுப் பகுதிகள் சட்டம். 1953-இல் பஸ், பூங்கா, கடற்கரை, கழிப்பறை வரை பிரித்த தனி வசதிகள் சட்டம். அதே ஆண்டில் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தாழ்ந்த கல்வியை விதித்த பாண்டு கல்விச் சட்டம். வீட்டை மட்டும் பிரித்தால் மக்கள் பள்ளியிலோ பூங்காவிலோ கலந்துவிடுவார்கள், கலந்தால் திருமணம் வரை போகும் என்பது அந்த ஆட்சியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. தளங்கள் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதை எங்கள் துறையைவிட அவர்கள் முன்பே புரிந்துகொண்டிருந்தார்கள் என்று சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை 1991-க்குள் நீக்கப்பட்டுவிட்டன. நில விலையும் பயணத் தூரமும் பழைய கோடுகளை இன்னும் பல இடங்களில் காவல் காக்கின்றன.

நேரத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? எஸ்தோனியத் தலைநகர் தாலினில் எஸ்தோனிய மொழி பேசுவோரும் ரஷ்ய மொழி பேசுவோரும் வாழ்கிறார்கள். சோவியத் காலத்தில் கட்டிய லஸ்னமாயே அடுக்குமாடிப் பகுதியில் ரஷ்ய மொழியினரே பெரும்பான்மை. பள்ளிகளும் நெடுங்காலம் மொழிவாரியாகப் பிரிந்தே இருந்தன; எல்லாவற்றையும் எஸ்தோனிய மொழிக் கல்விக்கு மாற்றும் பணி 2024-இல்தான் தொடங்கியது. அந்த நகரத்தின் கைபேசித் தரவுகளைக் கொண்டு சீரி சில்மும் ரெய்ன் அஹஸும் 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பகலில் இரு குழுக்களும் நகரத்தில் ஓரளவு கலக்கின்றன, இரவில் பிரிகின்றன. வேலை நாட்களில் கலப்பு கூடுகிறது. வார இறுதியில் குறைகிறது. கலப்பது பிழைப்புக்கான நேரத்தில், பிரிவது மனம் விரும்பிச் செலவிடும் நேரத்தில். உங்கள் வரைபடத்தையும் இப்படி இரண்டாக வரைந்து பார்க்கலாம்: திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்று, சனி ஞாயிறு ஒன்று.

பெரிய நகரம் என்றால் எல்லோரும் முட்டி மோதிக் கலந்துவிடுவார்கள் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. அமெரிக்காவில் 96 லட்சம் பேரின் கைபேசி இருப்பிடங்களைக் கொண்டு அவர்கள் யாரை எதிர்கொள்கிறார்கள் என்று கணக்கிட்ட ஆய்வு 2023-இல் வெளியானது. நகரம் பெரிதாகப் பெரிதாக, வருமானவாரியான பிரிவு கூடியது. காரணம் எளிது. சிறிய ஊரில் ஒரே கடை இருந்தால் எல்லோரும் அங்கேதான் போக வேண்டும். பெரிய நகரத்தில் அவரவர் வசதிக்கு ஏற்ற கடை, உடற்பயிற்சிக் கூடம், உணவகம் எல்லாம் தனித்தனியே உண்டு. இரு தரப்புக் குடியிருப்புகளுக்கும் நடுவில் பொதுவான வணிக மையங்கள் அமைந்த பெருநகரங்களில் பிரிவு குறைந்திருந்ததையும் அதே ஆய்வு கண்டது.

இனி உங்கள் அலுவலகம். எல்லாப் பின்னணியிலிருந்தும் ஆட்கள் இருக்கிறார்கள் என்றீர்கள். மதிய உணவின்போது யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? உங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்த சக ஊழியர் யார்? உங்களைக் குறுக்கு விசாரணை செய்ய இதைக் கேட்கவில்லை. பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் ஏழு கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் நட்புகளை ஆராய்ந்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வசதி குறைந்தவர்களுக்கு வசதியானவர்களின் நட்பு ஏன் அரிதாக இருக்கிறது? ஏறத்தாழப் பாதிக் காரணம், இருவரும் ஒரே பள்ளியிலோ ஒரே வட்டாரத்திலோ இல்லாதது. மறு பாதி, ஒரே இடத்தில் இருந்தும் நட்பாகாதது. ஒரே கூரையின் கீழ் இருப்பது பாதி வேலைதான். பெரிய பள்ளிகளில் இந்த இரண்டாம் வகைப் பிரிவு கூடுதலாக இருந்ததையும் கவனித்தார்கள். கூட்டம் பெரிதானால் தன்னைப் போன்றவரைத் தேடிப் பிடிப்பது சுலபம். ஆகவே பள்ளியை மாற்றுவதாக இருந்தால், எத்தனை வகைப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அவர்களை வகுப்புப் பிரிவுகளில் எப்படிப் பங்கிடுகிறார்கள் என்றும் கேளுங்கள். வாசலில் கலந்து, மதிப்பெண்படி ‘அ’ பிரிவு ‘இ’ பிரிவு என்று உள்ளே பிரித்துவிடும் பள்ளிகள் ஏராளம்.

அடுத்தது சொல்லச் சங்கடமான விஷயம், சொல்லாமல் விடவும் முடியாது. வீட்டு வேலைக்கு வருபவரைக் குடும்பத்தில் ஒருவராக நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கனிவானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் எங்கே வசிக்கிறார் என்று உங்கள் மகளுக்குத் தெரியுமா? ரயில் பாதைக்கு அந்தப் பக்கமாக இருந்தால், “யார் இருக்கிறார்கள்” என்ற கேள்விக்கு உங்களிடம் ஒரு பெயராவது இருந்திருக்க வேண்டும். பதில் வரவில்லை என்கிறீர்கள். அவர் உங்கள் வீட்டுக்கு வருகிறார். நீங்கள் அவர் வீட்டுக்குப் போனதில்லை. அவருக்கு உங்கள் குடும்பத்தைப் பற்றிப் பெரும்பாலானவை தெரியும். உங்களுக்கு அவருடைய குடும்பத்தைப் பற்றி அவர் சொன்ன அளவு தெரியும். குழுக்களுக்கிடையே தொடர்பு எப்போது தவறான எண்ணங்களைக் குறைக்கும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் நான்கு நிபந்தனைகளைச் சொன்னார்: சம நிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, மேலே உள்ளவர்களின் ஆதரவு. முதல் நிபந்தனையே இந்த உறவில் கிடையாது. சம்பளம் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் எவ்வளவு நேசித்தாலும், குழந்தை அதிலிருந்து கற்றுக்கொள்வது “அந்தப் பக்கத்தவர்கள் வேலை செய்ய வருபவர்கள்” என்பதைத்தான்.

சரி, ஒரு தளத்தில் கலந்துவிட்டால் மற்றத் தளங்களும் தானாகக் கலந்துவிடுமா? விடாது. இராக்கில் ஐ.எஸ். அமைப்பின் தாக்குதலால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவ இளைஞர்களைக் கொண்டு ஆய்வாளர் சல்மா மூசா நடத்திய கால்பந்துப் போட்டித் தொடரின் முடிவுகள் 2020-இல் வெளியாயின. சில அணிகளில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்தார். சிலவற்றில் கிறிஸ்தவர்கள் மட்டும். எந்த அணிக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார். கலந்த அணியில் ஆடியவர்கள் அடுத்த பருவத்திலும் கலந்த அணிக்கே பெயர் கொடுத்தார்கள். ஆறு மாதங்களுக்குப் பிறகும் முஸ்லிம் வீரர்களோடு பயிற்சி செய்தார்கள். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள மோசுல் நகரின் உணவகத்துக்குப் போனார்களா, கலந்த சமூக நிகழ்ச்சிக்கு வந்தார்களா என்று பார்த்தால் அங்கே மாற்றம் தெரியவில்லை. மைதானத்தில் கிடைத்த நம்பிக்கை மைதானத்தின் வேலியோடு நின்றுவிட்டது. இந்த ஆய்வை ‘தோல்வி’ என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த வேலிக்குள் கிடைத்ததும் சிறியதல்ல. ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியே உழைக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் புரிந்தது.

உத்தரப் பிரதேசத்தில் ஆய்வாளர் மாத்யூ லோவ் நடத்திய கிரிக்கெட் தொடர் இன்னொரு கோணம். பல சாதிகளைச் சேர்ந்த இளைஞர்கள். ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடையே சாதி கடந்த நட்புகள் கூடின. எதிரணியில் மட்டுமே மற்றச் சாதியினரைச் சந்தித்தவர்களிடம் நெருக்கம் பெரும்பாலும் குறைந்தது. மகளை ஏதாவது போட்டியில் சேர்த்துவிட்டால் போதும், அங்கே எல்லோரையும் பார்ப்பாள் என்று நினைத்தால் இதை நினைவில் வையுங்கள். எதிரே நிற்பவரைப் பார்ப்பது வேறு, பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பது வேறு.

வீட்டு மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1994-இல் தொடங்கி அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் ஏறத்தாழ 4,600 ஏழைக் குடும்பங்களைக் கொண்டு நடந்த ஒரு சோதனையில், வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபெயர உதவித்தொகை கொடுத்தார்கள். பதின்மூன்று வயதுக்கு முன் அப்படி இடம் மாறிய குழந்தைகள், இருபதுகளின் நடுவில் சுமார் 31 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். இதைக் காட்டி “வீடு மாறுங்கள்” என்று உங்களுக்கு யாராவது சொல்லக்கூடும். அது வழியடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு வழி திறந்த கதை. உங்கள் மகளுக்கு அந்த வழிகள் ஏற்கெனவே திறந்திருக்கின்றன. போதிய வருமானம் உள்ள குடும்பங்கள் ‘கலந்து வாழ’ மறுபக்கம் குடிபோவதால், அங்கே வாடகை ஏறி இருந்தவர்கள் வெளியேற நேர்வதும் உண்டு.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தவர்களும் தங்களுக்குள் கூடித்தான் வாழ்கிறார்கள். மொழி, பாதுகாப்பு, அவசரத்துக்குக் கைமாற்று, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பக்கத்து வீடு என்று அதற்குக் காரணங்கள் இருக்கும். அதையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நீங்கள் நினைத்தால் கோட்டைத் தாண்டலாம். அவர்கள் நினைத்தாலும் வாடகைக்கு வீடு கேட்ட இடத்திலேயே கதவு சாத்தப்படலாம்.

மகளிடம் என்ன சொல்வது? “எனக்குத் தெரியாது” என்று சொல்லுங்கள், அதுதான் உண்மை. ஆனால் ‘பார்த்துவிட்டு வரலாம்’ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் சுற்றிக் காட்டிவிடாதீர்கள். மனிதர்களை வேடிக்கைப் பொருளாக்கும் பயணம் அது.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு தளத்தைத் தேர்ந்தெடுங்கள். வாராவாரம் நடக்க வேண்டும்; இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் வர வேண்டும்; சேர்ந்து செய்து முடிக்கும் வேலையாக இருக்க வேண்டும். நாடகக் குழு, பாட்டுக் குழு, பொது நூலகத்தின் வாசிப்பு வட்டம், கைப்பந்து அணி எதுவும் சரி. நீச்சல் எனக்கு அவ்வளவு உவப்பில்லை. தண்ணீருக்குள் யாரோடும் பேச முடியாது. வகுப்பு நடக்கும்போது நீங்களும் அங்கே உட்காருங்கள், மற்றப் பெற்றோரோடு பேசுங்கள். குழந்தையை மட்டும் தூது அனுப்பிவிட்டு நீங்கள் பழைய வட்டத்திலேயே இருந்தால் அவள் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். அங்கே கிடைக்கும் தோழி உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன், அழைப்பு வந்தால் உங்கள் மகள் அவள் வீட்டுக்குப் போகட்டும். முதல் சில மாதங்களில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும்.

சேர்ப்பதற்கு முன் அங்கே மூன்று விவரங்கள் கேளுங்கள். கட்டணம் என்ன, கட்ட முடியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு? சீருடை, கருவிகளை யார் வாங்க வேண்டும்? பயிற்சி எத்தனை மணிக்கு முடிகிறது, அந்தப் பக்கத்துக்குக் கடைசிப் பஸ் எப்போது? பஸ் எட்டு மணிக்குக் கிளம்பி, பயிற்சி எட்டரைக்கு முடிகிறது என்றால் அங்கே யார் இருக்க மாட்டார்கள் என்று பெயர்ப் பட்டியலைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அப்படி இருந்தால் வேறு இடம் தேடாதீர்கள். அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்க முடியுமா என்று பொறுப்பாளரிடம் நீங்களே போய்க் கேளுங்கள்.